வீட்டில் பிள்ளைகளோடு செய்த வாத்தியங்கள்: உங்கள் அனுபவம்?

உப்புவெளி அம்மா:
மகளுக்கு நாலரை வயது. ஆறு சோடாப் போத்தல், ஒரு கரண்டி, தண்ணீர். எல்லாரும் செய்கிறதுதான். தண்ணீர் கூடக்கூடச் சத்தம் தடிக்கும் என்று தட்டிக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டவள், கரண்டியை வைத்துவிட்டுப் போத்தல் வாயில் உதட்டைக் குவித்து ஊதினாள். கழுத்துவரை தண்ணீர் இருந்த போத்தல்தான் கீச்சென்று கத்தியது. திரும்பி என்னைப் பார்த்து, “அம்மா, நீங்க பொய் சொல்லுறீங்கள்” என்றாள். நான் “சரி, தேத்தண்ணி குடிப்பம்” என்று எழும்பிவிட்டேன். மூன்று நாளாக அந்தப் பார்வை மனதை விட்டுப் போகவில்லை.

நிலாவெளியான்:
மகள் சொன்னதுதான் சரி. போன கச்சான் காற்று நேரம் மகனோடு போத்தல்களை மதிலில் அடுக்கி வைத்து மறந்துவிட்டோம். இரவு காற்று எழும்ப, வெறும் போத்தல் மட்டும் “ஊ...” என்று தடித்த குரலில் இழுத்தது. பொடியன் பாயைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்துவிட்டான். ஆகவே தண்ணீர் குறைந்தால் தடித்த சத்தம், கூடினால் கீச்சு. தட்டினாலும் அதேதான். உங்கள் காதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
காதில் பிழையில்லை, தம்பி. தட்டினால் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிரும். பாரம் கூடினால் அதிர்வு மெதுவாகும், சத்தம் தடிக்கும். ஜலதரங்கக் கிண்ணத்துக்குத் தண்ணீர் விட்டுச் சுருதி சேர்ப்பதும் இப்படித்தான். ஊதினால் அதிர்வது உள்ளே இருக்கிற காற்று. அதற்கு இடம் குறைந்தால் கீச்சு. அம்மாவும் சரி, மகளும் சரி.

என் கதை வேறு. முன்பள்ளியில் யோகட் கப்பில் கிலுக்கு செய்தோம். ஒரு பிள்ளை வீட்டிலிருந்து இருபது குன்றிமணி கொண்டு வந்திருந்தான். நான் கண்டபோது கப்பில் பத்தொன்பது. வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுப் பார்த்தேன், பாயை உதறினேன். கடைசியில் காற்சட்டைப் பையில் இருந்தது. அன்று பகல் சோறு இறங்கவில்லை.

குன்றிமணி நஞ்சு. கடித்தாலோ, துளை போட்டிருந்தாலோ இன்னும் மோசம். வேண்டவே வேண்டாம். அரிசி போடுங்கள், மூடியைப் பசையால் ஒட்டி அதன் மேல் டேப்பும் சுற்றுங்கள். பேணி மேளத்துக்குப் பலூன் இழுத்துக் கட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வெடித்த துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். பால்மாப் பேணியின் வாயில் பெட்டி ஒட்டுகிற அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக விறைப்பாக ஒட்டுங்கள், நல்ல நாதம் வரும். பேணி விளிம்பு கையை வெட்டும், அதையும் டேப்பால் மூடுங்கள். சிரட்டை என்றால் முதலில் அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்...

கோட்டையடி அப்பா:
டீச்சர், யாரும் கேட்கவில்லையே! எங்களுடையது பூவரசம் இலைப் பீப்பீ. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், மான்கள் திரியும் கோட்டைக்குள், இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிக் கொடுத்தேன். எனக்கு ஊதியது, அவனுக்குக் காற்றுத்தான் வந்தது. ஏழாவது இலையில் “பீ...” என்றது. காட்டுவதற்குக் கையை நீட்டினான். பக்கத்தில் நின்ற மான் எட்டி வாங்கி மென்றுவிட்டது. அழவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல், மென்று முடியும்வரை அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலாவெளியான்:
டீச்சர், இப்போதுதான் தட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான். அன்றைக்கு நான் தட்டியது பிளாஸ்டிக் போத்தல்.