'எகிப்து விவரணம்' படத்தாள்: முதல் பதிப்பா, இரண்டாவதா?

கேள்வி:
நெப்போலியனோடு எகிப்துக்குப் போன அறிஞர்கள் 1809 முதல் வெளியிட்ட 'எகிப்து விவரணம்' நூலின் தனித்தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது, எகிப்தின் எட்ஃபு கோயில் படம். பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வானத்துக் கோடுகள் இவ்வளவு சீராக இருப்பதால் பிற்கால நகலோ என்றும் சந்தேகம்.

பதில் 1:
கோடுகள் சீராக இருப்பதே நல்ல அறிகுறிதான். வானத்தைக் கையால் செதுக்கவில்லை. அதற்கென்றே அந்தக் குழுவில் போன பொறியாளர் நிக்கோலா-ஜாக் கோந்தே ஓர் இயந்திரம் செய்தார். செப்புத்தகட்டில் இணைகோடுகளை இழுக்கும். இடைவெளி நெருங்கினால் வானம் கறுக்கும், விலகினால் வெளுக்கும். பல மாத வேலை சில நாளில் முடிந்தது. உருப்பெருக்கியில் பாருங்கள்: செதுக்கு அச்சில் மை தாளுக்கு மேலே லேசாகப் புடைத்திருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நவீன நகல்.

பதில் 2:
பாரிஸ் பதிப்பாளர் பாங்கூக் 1820களில் போட்ட இரண்டாம் பதிப்பும் அதே தகடுகளில் அச்சானதுதான். அதனால் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். முதல் பதிப்புத் தாளில் 'Égypte ancienne et moderne' என்ற சொற்கள் நீர்க்குறியாக (தாளுக்குள்ளேயே பதிந்து, வெளிச்சத்தில் மட்டும் தெரியும் குறி) இருக்கும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் குறியும் போயிருக்கலாம். குறி இல்லை என்பதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில் 3:
ஓர் எச்சரிக்கை: கோயில் சுவரிலுள்ள பண்டைய எகிப்தியச் சித்திர எழுத்தை இந்தப் படத்திலிருந்து படிக்க வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அதைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தது 1822இல்; வரைந்தவர்கள் பொருள் தெரியாமலேயே பார்த்து எழுதினார்கள், குறிகள் பிசகியிருக்கும். கட்டட அமைப்புக்கு மட்டும் இது பொன். நைல் நதியின் எலிஃபன்டைன் தீவில் மூன்றாம் அமென்ஹோடெப் என்ற மன்னர் கட்டிய கோயிலை 1822இல் இடித்துவிட்டார்கள். தூண்வரிசையோடு அதன் உருவத்தை இந்த நூலின் தாள்களில் பார்க்க முடிகிறது.