பழைய மெஷினை எடுத்துப்போக ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்?

ரீயூனியன் தீவின் சென் ஆந்த்ரேயிலிருந்து:

புது வாஷிங் மெஷினை இறக்கி வைத்தவர்கள், பழையதை எடுத்துப்போகத் தனியாகப் பணம் கேட்டார்கள். நான் ரசீதைக் காட்டினேன். அதில் 'எக்கோ பார்ட்டிசிபேஷன்' என்று ஒரு வரி இருக்கும். பழைய பொருளைச் சேகரித்துப் பிரித்து மறுசுழற்சி செய்யும் செலவுக்காக நாம் கட்டும் தொகை அது. புதிதாக ஒன்று வாங்கினால், அதே வகைப் பழையது ஒன்றைக் கடைக்காரர் இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பிரான்ஸின் பகுதியான ரீயூனியனிலும் அதேதான். கடைக்குப் போன் போட்டதும் மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏற்றினார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே "பழையது ஒன்று இருக்கிறது" என்று எழுதி வாங்கிவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் வராது.

நான் இதை விடாமல் சொல்வது பணத்துக்காக மட்டுமில்லை. காசு கேட்டால் சிலர் பழையதை ராத்திரியோடு ராத்திரியாக ராவினில், அதாவது மழைநீர் ஓடும் பள்ளத்தில், உருட்டிவிடுகிறார்கள். மெஷின் தொட்டியிலும் பிரிட்ஜ் தட்டிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் சிக்குன்குனியாவைப் பரப்பும் புலிக்கொசு முட்டையிட அதுவே போதும். 2005-06இல் சிக்குன்குனியா இந்தத் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது. 2025இல் மறுபடியும் பரவியது. அந்த மூட்டுவலியில் பெரியவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் ராவினில் எதையும் போட மாட்டார்கள்.

சென் பியேரிலிருந்து:

அக்கா சொன்னது சரி. ஆனால் புதிது வாங்குவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. எங்கள் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை. பார்க்க வந்தவர் "மோட்டார் போச்சு, புதிது வாங்குங்கள்" என்றார். மனசு ஒப்பவில்லை. பழுதுபார்ப்பவர்களுக்குத் தரப்படும் 'குவாலிரெப்பார்' என்ற தர முத்திரை பெற்ற இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் திறந்து பார்த்தால் போயிருந்தது தண்ணீரை வெளியேற்றும் பம்பு மட்டும்! 2022 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள பழுதுபார்ப்பு போனஸை அவரே பில்லில் கழித்துவிட்டார். நாம் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். முத்திரை இல்லாதவரிடம் போனால் இந்தத் தள்ளுபடி கிடையாது. உத்தரவாதக் காலம் முடிந்த பொருளுக்குத்தான் இது.

புதுப் பொருளுக்கு 2 வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. அதில் பழுதுபார்த்துக் கொடுத்தால் உத்தரவாதம் இன்னும் 6 மாதம் நீளும். கடையில் யாரும் தாமாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன்.

அப்புறம், வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் 10க்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்காக 2021இல் வந்தது. வாஷிங் மெஷினுக்கு 2025 முதல் எவ்வளவு நீடித்து உழைக்கும் என்ற மதிப்பெண். உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டிய நம் ஊரில், விலையில் தெரியும் சின்ன வித்தியாசத்தைவிட அந்த எண்ணைத்தான் நான் பார்ப்பேன்.

லா பொசெசியோனிலிருந்து:

புதிது எதுவும் வாங்காமல், பழைய பிரிட்ஜ் மட்டும் கிடக்கிறது என்றால் தேஷெத்ரிக்கு, அதாவது வீட்டுக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் பொது மையத்துக்கு, கொண்டுபோங்கள். குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. என் பக்கத்து வீட்டில் செம்புக் குழாய்க்காக ஒருவர் பிரிட்ஜை வெட்டப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு வெளியேறும். சிலவற்றில் அது தீப்பிடிக்கக் கூடியது, சிலவற்றில் பூமியைச் சூடாக்குவது. அப்படியே முழுசாகக் கொண்டுபோவதுதான் நல்லது அண்ணா. போகும்போது முகவரிச் சான்று கையில் இருக்கட்டும், எங்கள் பக்கம் வாசலிலேயே கேட்கிறார்கள்.