பஞ்ச்கனி பள்ளி கேட்டும் மோன்த்ரோ சிலையும்

பிரிட்டிஷ் ராக் பாடகர் ஃப்ரெடி மெர்குரியை மேடையில் பார்த்தவன் இல்லை நான். 1991 நவம்பர் 24 அன்று அவர் இறந்தபோது எனக்கு ஏழு வயது, அவருடைய இசைக்குழுவான குயீனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதனால் என் அனுபவம் அவர் இருந்த இடங்களோடு மட்டும்தான்.

2011-ல் புனேயில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பக்கத்து மலையூரான பஞ்ச்கனிக்குப் போனோம். மற்ற மூவருக்கும் ஸ்ட்ராபெரி மேல்தான் கண். நான் மட்டும் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி கேட் முன்னால் போய் நின்றேன். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் பிறந்த ஃபரோக் புல்சாரா (ஃப்ரெடியின் இயற்பெயர்) என்ற பார்சிப் பையனை எட்டு வயதில் கப்பலேற்றி அனுப்பி இங்கே விடுதியில் சேர்த்தார்கள். மேல்வரிசையில் நாலு பல் அதிகம், அதனால் பையன்கள் வைத்த பட்டப்பெயர் 'பக்கி' (நம் ஊர்ப் பக்கி இல்லை, எத்துப்பல்லுக்கு ஆங்கிலத்தில் சொல்வது). பெரிய பணக்காரர் ஆன பிறகும் குரல் மாறிவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பல்லை அவர் தொடவே விடவில்லை. இதைவிட எனக்கு ஆச்சரியம், பள்ளியில் ஐந்து பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ஹெக்டிக்ஸ் பேண்டில் இவர் வாசித்தது பியானோ, முன்னால் நின்று பாடியது வேறொருவன்! 1985-ல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் லண்டன் வெம்ப்லி மைதானத்தையே இருபது நிமிடம் ஆட்டி வைத்தவர், இங்கே ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால் உள்ளே விடச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது, அப்படியே திரும்பிவிட்டேன்.

அப்புறம் 2018-ல் ஜெனீவாவுக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது, ரயில் பிடித்து அதே ஏரிக்கரையில் இருக்கும் மோன்த்ரோ என்ற ஊருக்குப் போனேன். ஏரியைப் பார்த்தபடி கையை உயர்த்தி நிற்கும் ஃப்ரெடியின் மூன்று மீட்டர் சிலை, காலடியில் யார் யாரோ வைத்த பூ. என்னைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்ன ஒரு பாட்டியும் அதே மாதிரி முஷ்டியை உயர்த்தித்தான் நின்றார்.

அந்த ஊர் சூதாட்ட விடுதிக்குள் இருந்த குயீனின் பழைய ஸ்டூடியோ நான் போனபோது சின்ன அருங்காட்சியகமாக இருந்தது. நிற்கவே தெம்பில்லாத நாட்களில் 'மதர் லவ்' பாட்டை அவர் பாடியது இங்கேதான். மிச்சத்தை வந்து பாடுகிறேன் என்று போனவர் வரவில்லை, கடைசிப் பகுதியை குயீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பாடி முடித்தார். ஜெனீவா திரும்பும் ரயிலில் குரல் மாறும் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.