பால்பல் பல்ப்போட்டமி (பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசுவான கூழின் மேல்பகுதியை மட்டும் நீக்குவது): டயோடு லேசரால் ரத்தத்தை நிறுத்தலாமா?

பீடோ_மாணவி: 6 வயதுக் குழந்தை, கீழ் இரண்டாம் பால் கடைவாய்ப்பல், ஆழமான சொத்தை. இரவு வலி இல்லை, ஈறில் சீழ்க்கொப்புளம் இல்லை, எக்ஸ்ரேயில் வேர்ப்பிரிவில் (வேர்கள் பிரியும் இடத்தில்) கருமை இல்லை. 940 நானோமீட்டர் டயோடு லேசர் கையில் இருக்கிறது. கூழின் மேல் வைக்கும் ஃபார்மோகிரெசால் மருந்துக்குப் பதில் லேசரை வைத்தே ரத்தத்தை நிறுத்திவிடலாமா? எத்தனை வாட்?

வேர்நுனி: நிறுத்தலாம், ஆனால் அங்கேதான் ஆபத்து. வேர்க்கூழ் அழற்சியில் இருந்தாலும் லேசர் ரத்தத்தை உறைய வைத்துவிடும். பல் தரும் ஒரே எச்சரிக்கையை நீங்களே அழித்துவிடுவீர்கள். ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் திரை) போட்டு, கூழறையின் கூரையை முழுதாக எடுத்து, கூர்மையான ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் மேல்கூழை நீக்குங்கள். கூரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகூட ரத்தம் கசிய வைத்துக் குழப்பும். சலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்து 5 நிமிடம் லேசாக அழுத்துங்கள். அதற்குள் நின்றால் மட்டும் லேசர். கருஞ்சிவப்பாக ஊறிக்கொண்டே இருந்தால் பல்ப்போட்டமியை விட்டுவிட்டுப் பல்பெக்டமிக்கு (வேர்க்கூழையும் முழுதாக நீக்குவதற்கு) போங்கள்.

அளவு: பல்ஸ் முறையில் 1.5 வாட் சுற்றுவட்டாரம், ஒவ்வொரு வேர்வாய்க்கும் (வேர்க்கால்வாய் தொடங்கும் துளைக்கும்) 2, 3 வினாடி, லேசர் நுனி திசுவைத் தொடாமல் 1 மி.மீ. தள்ளி. உங்கள் கருவியின் கையேட்டையும் பாருங்கள். தொடர் அலையில் வைத்தால் திசு ஆற இடைவெளியே கிடைக்காது.

பீடோ_மாணவி: நன்றி சார். கருகிவிட்டால்?

வேர்நுனி: கரியை ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். உயிருள்ள கூழின் மேல்தான் எம்.டி.ஏ. (கூழை மூடும் சிமென்ட்) உட்கார வேண்டும், கரியின் மேல் அல்ல. லேசர் நுனியில் ஒட்டும் கரியையும் அவ்வப்போது துடையுங்கள், இல்லாவிட்டால் அது பழுத்த கம்பியாகச் சுடும்.

சொத்தைக்கணக்கு: லேசர் மருந்தல்ல என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லைக் காப்பது மேலே வைப்பதுதான். எம்.டி.ஏ. தூள் 3 பங்கு, நீர் 1 பங்கு, 2 முதல் 3 மி.மீ. கனம். அது இறுக மணிக்கணக்காகும், அதனால் அன்றே மேலே கிளாஸ் அயனோமர் சிமென்ட், பிறகு ஸ்டீல் கிரவுன். அதே வேலைக்கான இன்னொரு சிமென்ட்டான பயோடென்டின் என்றால் சுமார் 12 நிமிடத்தில் இறுகும், அழும் குழந்தைக்கு அது வசதி. கிரவுனைத் தள்ளிப்போட்டால் ஓரத்தில் கசிந்து எல்லாம் வீண். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டியும் எம்.டி.ஏ.வுக்கு உறுதியான பரிந்துரை தந்து, லேசருக்கு நிபந்தனையோடுதான் தந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டாம் என்றது.

பல்லாண்டு: மேடம், பாதுகாப்பு விஷயம். அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடி குழந்தைக்கும், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும், உதவியாளருக்கும் வேண்டும். சாதாரண ஆரஞ்சு கண்ணாடி போதாது. நைட்ரஸ் ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்தால் உலர்ந்த காஸ் துணி தீப்பிடிக்கலாம், நனைத்தே வையுங்கள். வாய்க்கண்ணாடி ஒளியைத் திருப்பும், பெடலை மிதிக்கும்முன் எடுத்துவிடுங்கள்.

6 மாதம் கழித்து வரச்சொல்லுங்கள். வலி இல்லை என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், உள்வேர் அரிப்பு (வேர் உள்ளிருந்தே கரைவது) வலியில்லாமலே வரும். எக்ஸ்ரேயில் வேர்ப்பிரிவையும் வேர்க்கால்வாயின் சுவரையும் பாருங்கள்.