வெப்பப் பசையா, வெப்பக் களிம்பா?

கணினியின் மூளையான ப்ராசசருக்கும் அதைக் குளிர்விக்க அதன்மேல் அமரும் கூலருக்கும் இடையே தடவப்படும் பொருளை, நம் கையேடுகளில் 'வெப்பப் பசை' என்று எழுதி வருகிறோம். அதனை 'வெப்பக் களிம்பு' என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அண்மையில் ஒரு கணினியைச் சரிபார்த்தபோது, பழுதில் பாதி அந்தப் பெயரிலிருந்தே வந்திருந்ததைக் கண்டேன்.

நண்பர் ஒருவர் உதிரி பாகங்களை வாங்கித் தாமே பூட்டிய கணினி அது. பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழலும், திரையில் சின்னம் தோன்றும், அரை நிமிடத்துக்குள் எல்லாம் அணைந்துவிடும். உடனே மறுபடி அழுத்தினால் சின்னம் தோன்றுவதற்கு முன்பே அணையும். கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்தினால் மீண்டும் அரை நிமிடம் தாங்கும். ஆறவிட்டால் கூடுதல் நேரம் ஓடுகிறது என்பதால் கூலரின் மேல்தான் முதலில் ஐயம் எழுந்தது. கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்து பார்த்தால், ப்ராசசரின் வெப்பநிலை கண்ணெதிரே 60, 75, 90 என்று ஏறிக்கொண்டிருந்தது. இக்கால ப்ராசசர்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வரம்பை எட்டியதும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ளக் கணினியையே அணைத்துவிடும்.

கூலரின் திருகுகள் நான்கும் விரலாலேயே கழன்றன. அதன் அடியில் சாம்பல் நிறப் பொருள் ஒரு நாணயத்தின் தடிமனுக்கு அப்பிக் கிடந்தது. திருகுகளை ஏன் இறுக்கவில்லை என்று கேட்டேன். "பசைதானே பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். காயட்டும் என்று ஓர் இரவு முழுக்க வைத்திருந்தேனே" என்றார். பசை என்று படித்தவர், பசையை எப்படிக் கையாள வேண்டுமோ அப்படியே கையாண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பொருளின் வேலை ஒட்டுவது அன்று. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளைச் சேர்த்து வைத்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அலகில், செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400; காற்றுக்கோ 0.026 மட்டுமே. அந்தக் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்பவே இதைத் தடவுகிறோம். ஆனால் இதன் கடத்துத்திறனும் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும் என்பதால், தேவைக்கு மேல் தடித்துவிட்டால் இதுவே வெப்பத்துக்குத் தடையாகிவிடும். மெல்லிய படலமாக அதை நசுக்கிப் பரப்புவது திருகுகளின் அழுத்தம்.

'பற்பசை' ஒட்டுவதில்லையே, 'வெப்பப் பசை' மட்டும் எப்படிக் குழப்பும் என்று கேட்கலாம். பற்பசையை நாள்தோறும் கையாளுகிறோம். அதன் பயனை நமக்குப் பெயர் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினியை முதன்முறை பூட்டுபவருக்கோ பெயர்தான் முதல் வழிகாட்டி. மேலும், திருகு வைக்க இடமில்லாத சிறு சில்லுகளின்மேல் வெப்பம் தணிக்கும் தகடுகளை நிலையாக ஒட்டுவதற்கென்றே, உலர்ந்து இறுகும் வேறொரு பொருள் இருக்கிறது. 'வெப்பப் பசை' என்ற பெயருக்கு முழு உரிமை உடையது அதுதான். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், ஒருவர் அந்த இறுகும் பொருளைப் ப்ராசசரில் தடவிப் பின்னர் கூலரைக் கழற்றவே முடியாமல் திண்டாடக்கூடும்.

களிம்பு என்றதும் கை தானாகவே மெல்லத் தடவும். காயும்வரை காத்திருக்கத் தோன்றாது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடலாம் என்பதும் விளங்கும். ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன்: செம்பில் படியும் பச்சை மாசுக்கும் களிம்பு என்றே பெயர், கூலரின் அடிப்பகுதியோ பல வேளைகளில் செம்பு. ஆயினும், மருந்துக் களிம்பு என்ற பொருளே இன்று முந்தி நிற்கிறது. 'வெப்ப' என்ற அடைமொழியும் ஐயத்தைப் போக்கிவிடும். 'வெப்ப நிரவி' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பள்ளத்தை நிரவுவது என்ற பொருளில் அழகான சொல்தான். ஆனால் வெப்பத்தைப் பரப்பித் தரும் ப்ராசசரின் உலோக மூடியை அது குறிப்பதாகக் கொள்ள நேரும் என்பதால் விட்டுவிட்டேன்.

பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு களிம்பு இட்டு, திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்கிய பின், பயாஸில் வெப்பநிலை 40-ஐத் தாண்டவில்லை. பெயரை ஏற்றுக்கொண்டால், நம் கையேடுகளில் 'பசையை ஒட்டுக' என்று வரும் இடங்களையும் 'களிம்பைத் தடவுக' என்று சேர்த்தே திருத்திவிட வேண்டுகிறேன்.