பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி: நான்கில் எது?

மழைப்பயணி:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் (சின்னவனுக்கு இன்னும் சைல்டு சீட் வேண்டும்), முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா. இப்போதைய சின்ன மேனுவல் வண்டி போதவில்லை. ஓட்டம் பெரும்பாலும் நெரிசலில், குறைந்த தூரம். அதனால் டீசல் வேண்டாம், அந்தப் புகைவடிகட்டி குட்டிக் குட்டிப் பயணத்தில் அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எப்போதாவது முழு லோடோடு மலைப்பாதை ஏற வேண்டியிருக்கும்.

பட்டியலில் நான்கு நிற்கின்றன: மஸ்டா சிஎக்ஸ்-5 (2.5 லிட்டர்), ஹோண்டா சிஆர்-வி (1.5 டர்போ), ஹூண்டாய் டூசான் (1.6 டர்போ), டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட். புதிதாகவோ, இரண்டு மூன்று வருடம் ஓடியதாகவோ எடுப்பேன். பவர், பூட் லிட்டர், திரை அளவு எல்லாம் அட்டவணை போட்டுப் பார்த்தாயிற்று, பார்க்கப் பார்க்க நான்கும் ஒரே வண்டி மாதிரி ஆகிவிட்டது. எதை வைத்துப் பிரிப்பது?

பழையகிளட்ச்:
அட்டவணையில் கியர்பாக்ஸ் என்ற வரிசையில் நான்குக்கும் "ஆட்டோமேட்டிக்" என்று போட்டிருப்பீர்கள், அதனால்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. நீங்கள் எழுதிய நான்கிலும் உள்ளே இருப்பது நான்கு வேறு பொருட்கள். சிஎக்ஸ்-5இல் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், சிஆர்-வியில் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி), டூசான் 1.6 டர்போ பல சந்தைகளில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச்சோடு வருகிறது, ராவ்4இல் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டார்களும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் அமைப்பு. ஒரே பெயருள்ள மாடல் வேறு நாட்டில் வேறு கியர்பாக்ஸோடு விற்கும், அதனால் நீங்கள் பார்க்கும் வண்டியில் என்ன இருக்கிறது என்று தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஷோரூம் ஆள் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

உங்கள் ஓட்டத்திற்கு நான் முதலில் யோசிப்பது இரட்டைக் கிளட்ச்சைப் பற்றித்தான். வேகத்தில் போகும்போது அதைப் போல சட்டென்று கியர் மாற்றுவது எதுவும் இல்லை. ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது மேனுவல் காரில் அரைக்கிளட்ச் பிடிப்பதையேதான் கம்ப்யூட்டரை வைத்துச் செய்கிறது, கிளட்ச் உரசும், சூடாகும். எண்ணெயில் முங்கியிருக்கும் வெட் கிளட்ச் அந்தச் சூட்டைத் தாங்கும், டிரை கிளட்ச்சுக்குச் சிரமம். டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் திரவம்தான் சுழல்கிறது, நாள் முழுக்க ஊர்ந்தாலும் கிளட்ச் தேய்ந்துபோகும் பயம் இல்லை. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாம்கியர்:
மேலே சொன்னது பாதி சரி. இரட்டைக் கிளட்ச் கெட்டுப்போவதில் பெரும்பங்கு ஓட்டும் பழக்கத்திற்கு உண்டு. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள் பாருங்கள், அதுதான் அதைக் கொல்லும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், ஆட்டோ ஹோல்டு (நின்ற வண்டியைத் தானே பிரேக்கில் பிடித்து வைக்கும் வசதி) இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள். இந்தப் பழக்கம் வராது என்றால் மட்டும் வேறு பாருங்கள்.

இன்ஜினையும் யாரும் பேசவில்லையே. மலை ஏறுவீர்கள் என்றால் டர்போவுக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குத் தளர்ந்து போகும், டர்போ காற்றை அமுக்கிக் கொடுத்து அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். சிஎக்ஸ்-5இல் 2.5 லிட்டர் இருப்பதால் ஐந்து பேரோடும் சமாளிக்கும். ஆனால் டர்போ இல்லாத சின்ன இன்ஜினோடு சிவிடி சேர்த்த வண்டியில் முழு லோடு ஏற்றி மலை ஏறிப் பாருங்கள், ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மேலே போய் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் தன் பாட்டுக்கு மெதுவாக வரும். சிஆர்-வியில் டர்போ இருப்பதால் அந்தக் கத்தல் குறைவு.

பின்சீட்டுக்காரி:
கியர்பாக்ஸ் சண்டையை அப்புறம் போடுங்கள். பின்சீட்டில் யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சைல்டு சீட்டை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலான எஸ்யூவிகளில் பின்சீட்டின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். சைல்டு சீட் ஒரு ஓரம், பெரிய பிள்ளை மறு ஓரம், அம்மாவுக்கு முன்சீட் என்றால் உங்களில் ஒருவர் நடுவில். அந்த நடு இடத்தில் சைல்டு சீட் பொருத்தியபின் பெல்ட் கொக்கியைக் கை விட்டு மாட்ட முடிகிறதா, கால் வைக்கும் இடத்தில் தரை மேடாக இருக்கிறதா, இது எந்த அட்டவணையிலும் வராது. உங்கள் சைல்டு சீட்டையே ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அம்மா விஷயத்தில் உயரமான வண்டி என்றாலே வசதி என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கு இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அப்படியே பின்புறமாக உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளும்படி. அதைவிட உயர்ந்தால் ஏற வேண்டும், தாழ்ந்தால் எழுவதற்கு முழங்கால்தான் பாடுபடும். அம்மாவை நேரில் கூட்டிப்போய் நான்கிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. இதிலேயே ஒன்றிரண்டு கழிந்துவிடும்.

பூட் லிட்டரை நம்பி ஒப்பிடவும் வேண்டாம். ஒரு நிறுவனம் ஜன்னல் உயரம் வரை அளக்கும், இன்னொன்று கூரை வரை, இன்னொன்று தரைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளும். உங்கள் பெரிய பெட்டி, மடித்த ஸ்ட்ரோலர் இரண்டையும் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். அப்படியே ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட் மட்டும்தானா என்றும் தரையைத் தூக்கிப் பாருங்கள்.

வெயில்காலம்:
நெரிசல், குறைந்த தூரம் என்று எழுதிவிட்டு ஹைப்ரிட்டைப் பட்டியலில் கடைசியில் போட்டிருக்கிறீர்களே! அதன் பெயரில் இ-சிவிடி என்று இருப்பதால் சிஆர்-வியின் சிவிடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரண சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவில் எஃகு பெல்ட் ஓடும். டொயோட்டா ஹைப்ரிட்டில் பெல்ட்டே கிடையாது, உரசித் தேயும் கிளட்ச்சும் கிடையாது, இன்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கிரகப்பல்சக்கரம் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் சுழலும் பல்சக்கரத் தொகுப்பு) இணைக்கிறது, கிளப்புவதற்குத் தனி ஸ்டார்ட்டர்கூட இல்லை. 1997இல் முதல் பிரியஸில் வந்த அதே அடிப்படைதான், கெட்டுப்போகும் உறுப்புகள் குறைவு. நின்று நின்று போகும்போது பிரேக்கில் வீணாகும் சக்தி பேட்டரிக்குத் திரும்புவதால் எரிபொருள் மிச்சம் பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டத்தில்தான் கிடைக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு இதே லாபம் சொல்ல மாட்டேன். கூடுதல் விலை கொடுக்கும் முன் வருடத்திற்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். ஓட்டமே குறைவு என்றால் கொடுத்த காசு பெட்ரோலில் திரும்பி வர வெகுகாலம் ஆகும்.

மழைப்பயணி:
எல்லோருக்கும் நன்றி. ஓட்டம் குறைவுதான், ஆனாலும் பெரும்பாலும் நெரிசல் என்பதால் இப்போதைக்கு சிஎக்ஸ்-5, ராவ்4 இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அம்மா ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு முடிவு. டெஸ்ட் டிரைவில் என்ன பார்ப்பது? பழைய வண்டி எடுத்தால்?

பழையகிளட்ச்:
தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேரும் ஏறுங்கள், ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் காட்டும் காலியான சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும், நெரிசலுக்குள் விடச் சொல்லுங்கள். நடை வேகத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது குலுங்குகிறதா, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தயங்குகிறதா என்று பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியைத் தாண்டுவதாக நினைத்து முழுக்க மிதியுங்கள், மிதித்த நொடிக்கும் வண்டி பாயும் நொடிக்கும் உள்ள இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய தகவல். ராவ்4இல் அப்படி மிதித்தால் இன்ஜின் சத்தம் தூக்கும், அது அதன் இயல்பு, அந்தச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்பது மட்டும்தான் கேள்வி.

பழைய வண்டி என்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் ரசீது கேளுங்கள். "ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்" என்று பதில் வந்தால் தலையாட்டாதீர்கள். கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப், தன் பெட்டிகளுக்கே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது.

வெயில்காலம்:
ஹைப்ரிட் பழையது என்றால் இன்னொன்று. பின்சீட் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சல்லடைத் துளை இருக்கும், நாய் முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி சூடாகும். குனிந்து பாருங்கள். பேட்டரி சோதனை அறிக்கை சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தருவார்கள், அது கையில் வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.