கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் சேர்க்க கோர்ட் ஆர்டர் வேண்டுமா?

புரசைவாசி:
பெரியப்பா மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டில் விஷம் இருக்கிறதென்று மூன்று நாளாகப் பட்டினி, அடிக்கவும் வருகிறார். ஆஸ்பத்திரி என்றாலே மறுக்கிறார். நீதிபதி உத்தரவு இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்களே? உள்ளே போனால் வெளியே விடமாட்டார்கள் என்று பெரியம்மா வேறு பயப்படுகிறார்.

சட்டப்பிரிவு:
கோர்ட் ஆர்டர் பேச்சு பழைய சட்டங்களின் மிச்சம். 1912, 1987 சட்டங்களில் மறுக்கும் நோயாளியைச் சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு என்ற வழி இருந்தது. இப்போது இருப்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது.

உங்களுக்குப் பொருந்துவது பிரிவு 89. அவரே முன்பு யாரையும் பிரதிநிதியாக எழுதி வைக்காவிட்டால் ரத்த உறவினர் ஒருவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ ஒருவரும் தனித்தனியே பார்க்க வேண்டும். அதுவும் சேர்க்கும் அன்றோ முந்தைய 7 நாளுக்குள்ளோ. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால்தான் சேர்ப்பார்கள். ஆகவே 'பிடிவாதம் பிடிக்கிறார்' என்று சொல்லாதீர்கள். எத்தனை நாள் சாப்பிடவில்லை, யாரை எப்போது அடித்தார் என்று தேதியோடு சொல்லுங்கள். விண்ணப்பம் தட்டிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தச் சேர்க்கையின் உச்சவரம்பு 30 நாள். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சங்கிலியில் கட்டுவதையும், மயக்கமருந்து இல்லாமல் மின்அதிர்ச்சி கொடுப்பதையும் பிரிவு 95 தடைசெய்கிறது.

கட்டுக்கடங்காவிட்டால் காவல் நிலையத்தில் பிரிவு 100-ஐச் சொல்லுங்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது.

பழையமதராஸ்:
பெரியம்மாவின் பயத்துக்கு வயது இருநூறுக்கு மேல். 1794-ல் வாலன்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன் 16 நோயாளிகளோடு தொடங்கிய இல்லம்தான் இந்தக் காப்பகம். பின்னால் டால்டன் என்ற மருத்துவர் கைக்கு வந்து, 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே வெகுகாலம் பெயர். 1871-ல் இப்போதைய லோகாக் தோட்டத்துக்கு மாறியது. 1922-ல் அரசு மனநல மருத்துவமனை, 1978-ல் மனநலக் கழகம் என்று பெயர் மாறினாலும் ஊர் வாயில் 'கீழ்ப்பாக்கம்' வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைவராக இருந்தார்.

ஒரு நடைமுறை விஷயம்: ஆட்டோவில் 'கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி' என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள மருத்துவக் கல்லூரியில் இறக்கிவிடுவார்கள். 'அயனாவரம், மேடவாக்கம் டேங்க் ரோடு, மனநலக் காப்பகம்' என்று சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:
ஆதாரைவிட முக்கியம், பழைய சீட்டும் காலி மாத்திரை அட்டைகளும். முன்பு க்ளோசபின் என்ற ஸ்கிசோஃப்ரினியா மாத்திரை சாப்பிட்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக்கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நாள் பட்டினி என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். தண்ணீராவது குடித்தாரா என்று கேட்பார்கள்.

புரசைவாசி:
நன்றி. கிளம்பும் வரை மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு:
வேண்டாம். விஷம் என்று சந்தேகப்படுகிறவர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதோடு வீட்டுச் சாப்பாடே முடிந்தது. எவ்வளவு உள்ளே போனதென்று மருத்துவருக்கும் தெரியாது. வீடு திரும்பும்போது, மாத்திரை மறுப்பவருக்கு ஃப்ளூஃபினசின் மாதிரி 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஒத்துவருமா என்று கேளுங்கள். போட்ட பின் கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ கை நடுங்கினாலோ அது பக்கவிளைவு, மாற்று மருந்து உண்டு; அதற்குப் பயந்து அடுத்த ஊசியை விட்டுவிட வேண்டாம். இடையில் ஆலோசனைக்கு அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.